துலக்கிய வெள்ளி

கெய்சர் வீதி, மூன்றாம் மாடி.
கீழே பிளாஸ்டிக் வாளிக்காரன் விலை கூவுகிறான்.
மேலே நான்
பச்சை வெல்வெட் துணிமேல்
ஒரு வெள்ளி ரிக்ஸ் டொலரை
விளிம்பால் பிடித்திருக்கிறேன்.

விளிம்பால் மட்டும்.
முகத்தில் விரல் வைப்பவனுக்கு
என் மேசையில் இரண்டாம் முறை இடமில்லை.

காலையில் வந்தது டச்சுத் துட்டு,
எந்தக் குழந்தையின் அரைஞாணுக்கோ
நடுவில் துளை போட்டது.
அதற்குப் பார்க்க ஒன்றுமில்லை, துளைக்குத் தரம் கிடையாது.
இது வேறு.
ஆயிரத்து எண்ணூற்று இருபத்தொன்று.
ஒரு பக்கம் ஜோர்ஜ் ராசா, மறுபக்கம் யானை.

தேய்மானம் உயரத்தில்தான் தொடங்கும்:
ராசாவின் கன்னம், காதுக்கு மேல் சுருண்ட மயிர்,
யானையின் தோள்.
பள்ளத்தில் கிடக்கும் எழுத்துகள்
கடைசிவரை தப்பிவிடுகின்றன.

மயிர் தட்டையாய் இருந்தால்
உடனே தீர்ப்புச் சொல்லக்கூடாது.
கைகள் தேய்த்த தட்டை ஒன்று,
அச்சு சரியாக இறங்காத தட்டை இன்னொன்று.
முன்னது வழவழப்பு, கொஞ்சம் களைப்பு.
பின்னது உலோகத்தின் பிறந்தமேனி,
சொரசொரப்பு மாறாமல்.
இந்த வித்தியாசம் பிடிபட
என் கண்ணுக்குப் பதினோரு வருசம் எடுத்தது.
மழைநாளில் இன்னும் பிழைவிடுவேன்.

கொண்டுவந்தவர் டெஸ்மன் சவிரிமுத்து, கொட்டாஞ்சேனை.
ஓட்டோவுக்கு லீசிங் பாக்கி, மூன்று தவணை.
குழல்விளக்கில் காசு பாலாய் மின்னியது.
எனக்கு அந்த மினுக்கம் பிடிக்கவில்லை.
இருநூறு வருச வெள்ளிக்கு
இவ்வளவு சிரிப்பு ஆகாது.

அப்போதுதான் கரண்ட் போனது.
வீதி நெடுக ஜெனரேட்டர்கள் இருமிக்கொண்டு எழும்பின.
கைபேசி வெளிச்சத்தை மேசையோடு படுக்கவைத்துச்
சாய்வாக அடித்தேன்.
ராசாவின் கழுத்திலிருந்து விளிம்புவரை
மயிரிழைக் கீறல்கள்,
காற்றுக்குச் சரிந்த தூறல் போல.
யானைக்கு மேல் மட்டும் வட்டமாய்:
கட்டைவிரல் சுற்றிச் சுற்றி வந்த இடம்.

"என்னத்தால தேய்ச்சீங்க?"
"பற்பொடி, மிஸ். ஒரு பழைய பெனியன் துண்டு.
கறுத்துப்போய்க் கிடந்தது.
அப்படியே கொண்டுவந்தா மரியாதை இல்லைதானே.
நேத்து ராத்திரி ரெண்டு மணித்தியாலம்."

அவர் கறுப்பு என்றது
விளிம்பில் நீலமாய்த் தொடங்கி
நடுவில் புறாக்கழுத்து நிறத்தில் முடிந்திருக்கும்.
அதற்குத்தான் காசு.

சீட்டில் எழுதினேன்:
தேய்மானம் குறைவு. யானை முழுமை.
அதன் கீழ், எழுத்து தானாகச் சிறுத்துப்போய்,
துலக்கப்பட்டது.
விலை மூன்றில் ஒன்றானது.

துறைமுகத்தில் முப்பது வருசம்
உடைந்த பெட்டிகளுக்குச் சேதக் குறிப்பு எழுதியவராம்.
சீட்டை இரண்டு தரம் வாசித்தார், வாதாடவில்லை.

"திரும்பக் கறுக்குமா?"
"கறுக்கும். உங்கட பக்கத்துக் கடற்காத்துக்குக் கறுக்கும்."
"எவ்வளவு காலம்?"
"ஒரு நாப்பது வருசம்."
சிரித்தார். முன்பல் ஒன்று இல்லை.
"லீசிங்காரனிட்ட சொல்லிப் பாக்கிறன்."

நான் சொல்லாமல் விட்டது இது:
கந்தகம் இருந்தால் ஓர் இரவு போதும்.
அவித்த முட்டையை இரண்டாய் வெட்டி,
மஞ்சட்கருவுக்குப் பக்கத்தில் காசை வைத்து,
பொலித்தீன் பையை முடிச்சுப் போட்டால்
விடியும்போது நீலம், ஊதா, புகை.
கீறல்கள் அதன் அடியில் படுத்துவிடும்.
போன மாசம் அப்படி இரண்டைப் பிடித்தேன்.
பிடிபடாமல் போனது எத்தனை, தெரியாது.

அவர் காசைக் கைலேஞ்சியில் சுற்றினார்,
இம்முறை விளிம்பால் பிடித்து.
படியிறங்கும் சத்தம் இரண்டாம் மாடியில் நின்றது,
மூச்சு வாங்கவோ, திரும்பி வரவோ.
பிறகு இறங்கியது.

மணி ஒன்றரை. கரண்ட் வரவில்லை.
என் சோற்றுப்பெட்டிக்குள் முட்டை ஒன்று இருந்தது,
அவித்தது.
வாளிக்காரன் குரலுக்குள் அவர் காலடி
காணாமல் போகும்வரை
நான் மூடியைத் திறக்கவில்லை.